அவர் கையிலிருந்து

குரோனிங்கன், ஆஸ்பத்திரி
1971 செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமை

அன்புள்ள வோல்டருக்கு,

நேற்று மத்தியானம் ஆம்புலன்ஸ் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஃபென்னி தூங்குகிறாள். இடது கால் அசையவே இல்லை. வலது காலில் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அவளை உடம்போடு மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என் மணிக்கட்டில் கன்றிப்போயிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து போலியோதான் என்றார்.

பதிவு செய்கிற நர்ஸ் கேட்டாள்.

"பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"எங்க சபையில போடறதில்லை."

"எந்த ஊரு?"

ஹோகெலார் என்றேன். "ஓ" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பெற்றோரில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாமாம். இருப்பவர் தொற்று தீரும் வரை ஊருக்குத் திரும்பக் கூடாதாம். ஆகவே நீங்கள் வரவேண்டாம், வந்தாலும் விடமாட்டார்கள். போதகர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடலாம் என்கிறார்கள். அந்தக் கூடத்தில் நாலு பேர் நிற்க, நீங்கள் கேட்க, நான் அழ, அது வேண்டாம். எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அடுத்த வாரம் அரசாங்கம் நம் ஊருக்கே சொட்டு மருந்து கொண்டுவரப் போகிறதாம். ஊசி இல்லை, சர்க்கரைக் கட்டியில் இரண்டு சொட்டு. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும், பெரெண்டுக்கும் மார்கிக்கும், உடனே கொடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. உங்களைக் கேட்கிறேன், அவ்வளவுதான். போதகரிடம் பேசிப் பாருங்கள்.

உங்கள் தங்கை ரூலி வீட்டோடு வந்து இருப்பது ஆறுதல். மார்கியின் தொடைப் புண்ணுக்கு மருந்து சமையலறை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. இரண்டு வயதுதானே, எட்டாது என்று நினைத்து நாற்காலியைப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள்
யென்டீன்


ஹோகெலார்
செப்டம்பர் 7, செவ்வாய்

அன்பு மனைவி யென்டீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். பதினெட்டு மாடும் சுகம். செவலைப் பசு சனிக்கிழமை கிடேரி ஈன்றது, ஃபென்னியிடம் சொல்.

சொட்டு மருந்து வண்டி நேற்றே வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிறது. அதோடு பத்திரிகைக்காரர்களும் வந்திருக்கிறார்கள். நாம் ஆலயத்துக்குப் போவதைப் படம் பிடிக்கிறார்கள். நம் பெண்களின் கறுப்புக் காலுறையைக் கிட்டத்தில் வந்து பிடிக்கிறார்கள். நம் ஊரில் யாரோ அவர்களில் ஒருவன் மீது சாணியை வீசிவிட்டார்கள். செய்தது தவறு என்று மூப்பர் என்ற முறையில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் சிரிப்பு வருவதும் பாவமோ என்னவோ.

நீ கேட்டதற்குப் பதில். போதகரைக் கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும், உனக்கும் தெரியும். மழையும் வறட்சியும், சுகமும் வியாதியும் தற்செயலாக வருவதில்லை. அவர் கையிலிருந்து வருகின்றன. வரப்போவது என்ன என்று தெரியாமல் முன்கூட்டியே அந்தக் கையைத் தட்டிவிடுவது விசுவாசம் அல்ல. நோய் வந்தபின் வைத்தியரிடம் போகிறோம், அது வேறு. ஃபென்னியை நான்தானே தூக்கி வண்டியில் வைத்தேன்.

என் அப்பா களஞ்சியத்தை இன்ஷூர் செய்யவில்லை. கடவுளுக்கு எதிராகப் பந்தயம் கட்டமாட்டேன் என்பார். எனக்கு ஒன்பது வயதில் இடி விழுந்து எரிந்தது. இரண்டு குதிரைகள் உள்ளே. மறுநாள் காலை அப்பா சாம்பலுக்கு எதிரே எங்களை வரிசையாக நிறுத்திச் சங்கீதம் பாட வைத்தார். அந்தப் பாட்டுத்தான் இன்றுவரை என் முதுகெலும்பு.

அவர் சிட்சிக்கிறார் என்றால் நேசிக்கிறார் என்று பொருள். இதை நீ ஃபென்னிக்கும் மெதுவாகச் சொல்லிக்கொடு.

வோல்டர்


குரோனிங்கன்
செப்டம்பர் 8, புதன்

அன்புள்ள வோல்டருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நேற்று வந்திருந்தால் ஒருவேளை நீங்கள் சொன்னபடி சொல்லிக்கொடுத்திருப்பேன். இப்போது முடியாது. ஏன் என்று எழுதுகிறேன்.

நேற்று விடியும்போதே மூச்சு சிறுத்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கினாள். பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தினாள். டாக்டர்கள் இயந்திரத்தைத் தயார் செய்யப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அப்போது கேட்டாள்.

"அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"என்னடா கண்ணு?"

"ஆலயத்துல... அந்தத் தாத்தா குறட்டை விட்டாரு. நான் சிரிச்சேன். அதுக்கா?"

"இல்லடா. இல்லவே இல்ல."

"பெரெண்டும் சிரிச்சான். அவனுக்கு... வரல."

"நீ ஒரு தப்பும் பண்ணல, ஃபென்னி."

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அப்ப ஏன்?" என்றாள்.

வோல்டர், பதினேழு வயதில் முழு வேதப் பாடத்தையும் மனப்பாடமாக ஒப்பித்துச் சபைக்குமுன் நின்றவள் நான். கேள்வி, பதில், கேள்வி, பதில். அதில் இந்தக் கேள்வி இருந்தது, பதிலும் இருந்தது. அந்தப் பதிலை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது.

பத்து நிமிஷத்தில் அவளைக் கொண்டுபோனார்கள். இப்போது தொண்டையில் துளை, அதில் குழாய், குழாய்க்கு இயந்திரம். இனி பேச்சு வராது. அவள் கடைசியாக வாய்விட்டுப் பேசியது அந்த இரண்டு சொல்தான். ஆம் என்றால் ஒரு தரம் கண்ணை மூடுகிறாள், இல்லை என்றால் இரண்டு தரம். கிடேரிக் கன்று பிறந்ததைச் சொன்னேன். ஒரு தரம் மூடினாள். அது ஆமா, சந்தோஷமா, தூக்கமா தெரியவில்லை.

பெரெண்டையும் மார்கியையும் அந்த வண்டிக்குக் கூட்டிப்போங்கள். போன கடிதத்தில் கேட்டேன். இப்போது கெஞ்சுகிறேன்.

யென்டீன்


ஹோகெலார்
செப்டம்பர் 10, வெள்ளி

அன்பு யென்டீன்,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். வீட்டுக்குள் பெரெண்ட் இருந்தான். அவனுக்குப் பத்து வயதாகிறது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறான்.

நீ அங்கே யாரோடு பேசுகிறாய்? இது உன் வார்த்தை அல்ல. அவிசுவாசிகள் நடுவில் ஒரு வாரம் இருந்தால் யாருக்கும் தடுமாற்றம் வரும், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுக் காரியத்தை அவர்கள் தீர்மானிக்க வேண்டாம்.

இங்கே சோதனை உனக்கு அங்கே இருப்பதைவிடக் குறைவில்லை. முன்வாசல் வழியாக ஆலயத்துக்கு வருகிற சிலர், பின்வாசல் வழியாகப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்ச் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரிந்தே ஆறு குடும்பம். தெருவில் என் கண்ணைப் பார்க்காமல் வணக்கம் சொல்லுகிறார்கள். அதைவிட அந்த வண்டியில் நேராக ஏறுகிறவன் மேல்.

பேக்கரி யாப்பின் மகன் டீர்க் புதன்கிழமை செத்துப்போனான். பதினாறு வயது. மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூப்பராக நான்தான் ஆறுதல் சொல்லப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். யாப் கையிலே மாவு இருந்தது. மகன் செத்த மறுநாள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூப்பரே, அவர் கையிலேர்ந்து வந்ததுன்னு சொல்றீங்க. சரி. அந்தக் கையை நான் இனிமே எப்படிப் பிடிக்கிறது?" என்றான்.

துக்கத்தில் மனிதன் எதையாவது சொல்லுவான். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபென்னியிடம் அப்பா ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல். கன்றுக்கு நெற்றியில் வெள்ளை இருக்கிறது என்று சொல்.

வோல்டர்


குரோனிங்கன்
செப்டம்பர் 12, ஞாயிறு

அன்புள்ள வோல்டருக்கு,

ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதுவது என் ஆயுளில் இதுதான் முதல் தரம். ஓய்வுநாளை மீறுகிறோம் என்ற உறுத்தல் இல்லை, அதுதான் பயமாயிருக்கிறது.

யாரோடு பேசுகிறாய் என்று கேட்டீர்கள். பகல் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், பெயர் ஒடீல், தெற்கேயிருந்து வந்த கத்தோலிக்கப் பெண். நம் சபையில் யாரும் போடாத சிலுவையைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். உங்கள் அப்பா பார்த்திருந்தால் அறையை விட்டே வெளியேறியிருப்பார். அவளிடம் நானே கேட்டேன், கடவுள் இதை ஏன் செய்கிறார் என்று.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? என் தம்பி நாலு வயசுல கிணத்துல விழுந்து செத்தான். எங்க சாமியார் என்னென்னவோ சொன்னாரு. எங்கம்மா அவரை வாசல்லயே நிக்க வச்சுட்டு உள்ள போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்த வாரம் பூசைக்குப் போனா. ஏன் போனேன்னு கேட்டதுக்கு, வேற யாருகிட்ட போய்ச் சண்டை போடறதுன்னா."

இவ்வளவுதான் நான் அவிசுவாசிகளோடு பேசியது.

மீதி நேரம் நானும் இயந்திரமும்தான். ஒரு நிமிஷத்துக்குப் பதினெட்டு தரம் அது மூச்சு விடுகிறது. என்னையறியாமல் நானும் அதோடு சேர்ந்து விடுகிறேன். அப்படி உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

இது அவர் கையிலிருந்து வந்தது என்றால், ஆலயத்தில் சிரித்த ஒரு பிள்ளையின் மூச்சை, அல்லது ஒன்றுமே செய்யாத பிள்ளையின் மூச்சை, அவர் தெரிந்தே பிடித்து நிறுத்தினார். அப்படிப்பட்ட ஒருவரை என்னால் நேசிக்க முடியாது. பயப்பட முடியும், நேசிக்க முடியாது. பல நாள் முயன்றுவிட்டேன்.

அவர் கையிலிருந்து வரவில்லை என்றால், அது எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்து. நீங்களும் நானும் வேண்டாம் என்று சொன்ன தடுப்பூசியிலிருந்து. ஃபென்னி பிறந்த வருஷம் மருத்துவத் தாதி வாசலில் வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் களத்தில் இருந்தீர்கள். கதவைச் சாத்தியவள் நான்.

நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன், வோல்டர். குற்றம் நம்முடையதாகவே இருக்கட்டும். நான் கொலைகாரியாக இருந்துவிட்டுப் போகிறேன். அப்போதாவது அவர் நல்லவராக இருப்பார், அவரிடம் போய் என் பிள்ளையைக் கேட்க எனக்கு ஓர் இடம் இருக்கும். அவர் கெட்டவராகிவிட்டால் நான் யாரிடம் போவேன்?

இதோடு சொட்டு மருந்துக்கான சம்மதத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். பெரெண்ட், மார்கி இருவர் பெயரும் நானே எழுதிவிட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். கீழே உங்கள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது.

யென்டீன்


ஹோகெலார்
செப்டம்பர் 15, புதன்

யென்டீனுக்கு,

தாள் கிடைத்தது. திங்கட்கிழமையிலிருந்து மேசைமேல் இருக்கிறது. ரூலி அதைச் சுற்றித் துடைக்கிறாள், அதைத் தொடுவதில்லை.

நான் சுருக்கமாக எழுதுகிறேன், நீட்டினால் எழுத முடியாது.

இதில் நான் கையெழுத்துப் போட்டால், அது பெரெண்டுக்கும் மார்கிக்கும் மட்டும் போடும் கையெழுத்து அல்ல. ஃபென்னிக்கும் போட்டிருக்கலாம் என்று போடும் கையெழுத்து. அவள் இப்போது ஓடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று போடும் கையெழுத்து. உனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய்.

நீ உன்மேல் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாய். உனக்கு அந்தத் தைரியம் இருக்கிறது. எனக்கு இல்லை. இது அவர் செய்தது என்று இருக்கும்வரை நான் காலையில் எழுந்து பால் கறக்க முடிகிறது. அது அவர் செய்ததில்லை என்று ஆகிவிட்டால் கொட்டகையில் உத்திரம் இருக்கிறது, கயிறு இருக்கிறது. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீ என்னிடமிருந்து எதைப் பிடுங்கப் பார்க்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவரை என்னிடமிருந்து எடுத்துவிடாதே, யென்டீன்.

தினமும் காலையில் இரண்டு பேரையும் தாடையை நெஞ்சில் தொடச் சொல்லிப் பார்க்கிறேன். கழுத்து விறைத்தால்தான் அது. இரண்டு பேரும் தொடுகிறார்கள். மார்கி இதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள்.

வோல்டர்


குரோனிங்கன்
செப்டம்பர் 17, வெள்ளி

வோல்டர்,

கயிறு என்று எழுதாதே. எனக்கு அதற்கும் சேர்த்து அழ நேரமில்லை.

நீ என்று எழுதுகிறேன். இருக்கட்டும்.

நேற்று ஃபென்னிக்கு நுரையீரலில் சளி கட்டியது. நீலமாகிவிட்டாள். குழாயில் இன்னொரு குழாய் விட்டு உறிஞ்சினார்கள். அவள் அழுதாள். சத்தம் வராமல் ஒரு பிள்ளை அழுவதை நீ பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ பால் கறக்க வேண்டும் என்பதற்காக என் இன்னொரு பிள்ளையும் இங்கே வந்து படுக்க வேண்டுமா? கேட்டுக்கொண்டு சொல்.

யென்டீன்


ஹோகெலார்
செப்டம்பர் 21, செவ்வாய்

அன்புள்ள யென்டீன்,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்காதே. பெரெண்ட் நன்றாக இருக்கிறான்.

சனிக்கிழமை காலை அவனைத் தாடையைத் தொடச் சொன்னேன். தொடவில்லை. "வலிக்குதுப்பா" என்றான். நெற்றி கொதித்தது. டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். அவர் ஊர் முழுக்க அலைந்துகொண்டிருந்தார், பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தார்.

அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் கொட்டகைக்குப் போய் முழங்கால் போட்டேன். உம்முடைய சித்தம் ஆகக்கடவது என்று ஆரம்பித்தேன். ஆயிரம் வீட்டில், ஆயிரம் படுக்கை ஓரத்தில் நின்று சொன்ன வார்த்தை. வாய் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். வரவில்லை. பிறகு என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "உம்முடைய கையை எடும்" என்றேன். சத்தமாகச் சொன்னேன், மாடுகள் திரும்பிப் பார்த்தன. "என் பிள்ளைமேலிருந்து உம்முடைய கையை எடும்." ஒரு மூப்பன் சொல்லக்கூடிய வார்த்தையா இது? திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் அதை நம்பவில்லை என்று. அடுத்தவன் பிள்ளை என்றால் நம்பினேன். யாப்பிடம் சொல்லும்போது நம்பினேன். ஃபென்னி விஷயத்தில் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதால் நம்பினேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. களஞ்சியம் எரிந்த மறுநாள் நாங்கள் எல்லாரும் பாடினோம் என்று எழுதினேன். எல்லாரும் பாடவில்லை. அம்மா பாடவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அந்தக் குதிரைகள் கிடந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தொண்டைப் புண், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, போலியோ இல்லை என்றார். நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. யாப் சொல்ல முடியாததை நான் எப்படிச் சொல்வது?

நேற்றுக் காய்ச்சல் விட்டது. இனி சொட்டு மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இன்று காலை பத்து மணிக்கு, பால் வண்டி வந்துபோன பிறகு, உன் தாளில் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமைத் துணி உடுத்தி முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். மார்கியைத் தூக்கிக்கொண்டேன். தெருவில் எல்லாக் கதவும் பாதி திறந்திருந்தது. ஆலயத்து வாசலில் போதகர் நின்றார்.

"எங்க போறீங்க, வோல்டர்?"

"உங்களுக்குத் தெரியும் ஐயா."

"சபைக்கு முன்னால நடக்கிறவர் நீங்க. யோசிச்சுப் பாருங்க."

"இன்னியிலேர்ந்து நடக்கல ஐயா. வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் கெட்டவர் இல்லை, யென்டீன். முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு வேளை அவருக்கும் பதில் வேண்டியிருந்ததோ என்னவோ.

வண்டியில் ஒரு பெண் பெரெண்டுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு சர்க்கரைக் கட்டியை மார்கி வாயில் வைத்தாள். மார்கி இன்னொன்று கேட்டாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அது அவ்வளவு சின்னக் காரியம் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள், நான் கேட்கவில்லை. வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரெண்ட்தான் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

குற்றத்தை எடுத்துக்கொண்டால் கடவுள் நல்லவராக மீளுவார், அவரிடம் போகலாம் என்று எழுதியிருந்தாய். நான் எடுத்துக்கொண்டேன். போக முடியவில்லை. கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. உன்னால் முடிந்தால் எனக்கும் சேர்த்துப் போ.

கீழே இருப்பதை ஃபென்னிக்குப் படித்துக் காட்டு. மாற்றாமல் படி.

ஃபென்னிக் கண்ணு, நீ அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டியாம். நான் என்ன தப்பு செஞ்சேன்னு. நீ ஒரு தப்பும் செய்யல. ஆலயத்துல சிரிச்சதுக்குக் கடவுள் யாருக்கும் நோய் குடுக்க மாட்டாரு. அந்தத் தாத்தா குறட்டை விட்டப்ப எனக்கும் சிரிப்பு வந்துச்சு. தப்பு அப்பா செஞ்சது. உனக்கு மருந்து இருந்துச்சு, அப்பா வேணாம்னுட்டேன். நல்லதுன்னு நினைச்சு வேணாம்னேன், ஆனா தப்பு. உன்மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் அப்பா மேலதான்.

வோல்டர்


குரோனிங்கன்
செப்டம்பர் 24, வெள்ளி

அன்புள்ள வோல்டருக்கு,

தந்தி நேற்றே உங்களுக்குக் கிடைத்திருக்கும். தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. சளி மறுபடி கட்டியிருந்தது, காய்ச்சலும் இருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. உங்கள் கடிதத்தில் அவளுக்கானதைப் படித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது, ஒடீல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படித்து முடித்ததும் ஃபென்னி கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து, இல்லை என்றாள். எது இல்லை என்று கேட்டேன். அதற்கு ஆம் இல்லை போதாது. ஆகவே நாங்கள் செய்கிறபடி செய்தோம். நான் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன், சரியான எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடுவாள், ஒடீல் தாளில் குறிப்பாள். அரை மணிக்குமேல் ஆயிற்று. நடுவில் களைத்துப்போய் நிறுத்தினாள், நான் போதும் என்றேன், போதாது என்றாள்.

"அப்பாவைத் திட்டாதே" என்று எழுதினாள்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு இதயம் நின்றது. இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள். அறையில் அவ்வளவு நிசப்தம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

வோல்டர், ஆயுள் முழுக்க உங்களைத் திட்டுவதற்கு நான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். என்னைத் திட்டிக்கொள்ளவும். இப்போது அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. முயல்வேன்.

அவரிடம் உங்களுக்கும் சேர்த்துப் போகச் சொன்னீர்கள். நேற்று ஆஸ்பத்திரி ஜெப அறைக்குப் போனேன். உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் போனேன்.

செவ்வாய்க்கிழமை அவளைக் கொண்டுவர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நானும் அதே வண்டியில் வருகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழி ஓரத்தில் நின்று, இது அவர் கையிலிருந்து வந்தது என்று போதகர் சொல்லக் கூடாது. சொன்னால் நான் அங்கிருந்து நடந்துவிடுவேன், மண் போடும்வரைகூட நிற்கமாட்டேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

யென்டீன்


ஹோகெலார்
செப்டம்பர் 25, சனி

அன்புள்ள யென்டீன்,

போதகரிடம் போனேன். அதைச் சொல்லாமல் அடக்கம் செய்ய அவரால் முடியாது என்றார். அவர் சொன்னது அவருக்கு உண்மை, நான் வாதாடவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே பேச்சு இல்லை, பாட்டு இல்லை. சபையில் யாரும் வருவார்களா தெரியாது. தூக்குவதற்கு நான் இருக்கிறேன், ரூலியின் வீட்டுக்காரர் இருக்கிறார். யாப்பைக் கேட்டேன். கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்றான். பெரெண்ட் தானும் தூக்குவேன் என்கிறான், உயரம் போதாது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

நீ நடந்தால் நானும் நடப்பேன் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நடக்க வேண்டியிருக்காது. நாம் இரண்டு பேரும் மண் போட்டு முடியும்வரை நிற்போம்.

ஆஸ்பத்திரி வண்டி செவ்வாய் பத்து மணிக்கு வரும் என்று அங்கிருந்து இன்று தந்தி வந்தது. நான் எட்டு மணியிலிருந்து பெரிய சாலை முனையில் நிற்பேன்.

வோல்டர்